விரல் நீட்டத் தெரியாத கிளாக்கர்

ஒரு கூட்டம் நடக்க வேண்டுமென்றால் அதற்குத் தலைவர் வேண்டும். தலைவரைத் தெரிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கு ஒரு கூட்டம் நடக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்து, "அப்படியானால் முதலில் வருவது எது?" என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளும் பிறவிகள் உலகத்தில் அதிகம் இல்லை. மற்றவர்கள் கூட்டத்தில் கொடுக்கும் தேநீரைப் பற்றி யோசிப்பார்கள். நான் முதல் வகை. அதனால்தான் என் இருபத்திரண்டாவது வயதில், நுவரெலியாவில், கோட்டும் டையும் அணிந்த மூன்று பெரிய மனிதர்களைக் கைச்சைகையாலேயே இடம்மாற்றி, ஒரு பாராளுமன்றக் குழுவை ஒரு முற்பகல் முழுவதும் பிறக்கவிடாமல் தடுத்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்தவை: ஆங்கிலச் சுருக்கெழுத்து, தமிழ்ச் சுருக்கெழுத்து, பார்க்காமல் தட்டச்சு செய்வது, டைப்ரைட்டரைக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி பூட்டுவது. தெரியாதது மனிதர்கள். அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். இலை வாடுவதற்கு இவ்வளவு நேரம், அரைப்பதற்கு இவ்வளவு நேரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் தூள் கருகிவிடும் என்று எல்லாவற்றையும் வரிசை வரிசையாகச் சொல்லியே என்னை வளர்த்தார். விளைவு, நான் பட்டியல் போடாமல் பல்கூட விளக்க மாட்டேன். (பற்பொடி, செம்பு, துண்டு. சிரிக்க வேண்டாம், ஒருநாள் துண்டை மறந்திருக்கிறேன்.)

கொழும்பில் பயிற்சி முடித்துவிட்டு நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சாளராக இருந்தேன். அந்த ஆண்டு பாராளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடர் தொடங்கியதும், மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளின் பாதைகளையும் பாலங்களையும் விசாரிக்க ஏழு உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தையே நுவரெலியாவில் வைப்பதென்று அவர்கள் முடிவு செய்தார்கள். பாதைகளைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது சித்திரை மாதம், குதிரைப் பந்தயப் பருவம் என்பது சொல்லப்படாத காரணம்.

குழுவின் எழுத்து வேலைக்கெல்லாம் பொறுப்பான கிளாக்கர் பெரேரா என்பவர் இரண்டு நாள் முன்னதாகவே கொழும்பிலிருந்து வந்துவிட்டார். பாராளுமன்ற விதிகளைக் கரைத்துக் குடித்தவர். நடக்கும்போதுகூட முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று அடியெடுத்து வைப்பவர். அவருக்கு உதவியாக என்னைக் கொடுத்தார்கள். மேசை நாற்காலி போடுவதற்கும், நிகழ்ச்சி நிரல் தட்டுவதற்கும், தமிழில் சாட்சி சொல்பவர்கள் வந்தால் எழுதி மொழிபெயர்ப்பதற்கும்.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி மேலே சொன்னதுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"தலைவர் தெரிவாகும்வரை கூட்டத்தை நடத்துவது நான். ஆனால் நான் உறுப்பினன் இல்லை. ஆகவே எனக்குக் குரல் கிடையாது."

"குரல் இல்லாமல் எப்படி நடத்துவீர்கள்?"

"விரலால்."

பழைய வழக்கமாம். குறைந்தது நான்கு பேர் வந்துவிட்டார்களா என்று கிளாக்கர் வாய் திறக்காமல் எண்ணிப் பார்ப்பார். பிறகு எழுந்து நின்று ஓர் உறுப்பினரை நோக்கி ஆட்காட்டி விரலை நீட்டுவார். அவர் எழுந்து தலைவர் பதவிக்கு ஒருவரை முன்மொழிவார். விரல் அடுத்தவரை நோக்கித் திரும்பும். அவர் வழிமொழிவார். போட்டி இல்லையென்றால் வாக்கெடுப்பு இல்லை. தெரிவானவர் போய் அக்கிராசனத்தில், அதாவது அந்தத் தலைமை நாற்காலியில், உட்காருவார். அவர் உட்கார்ந்த நொடியில் கிளாக்கரின் விரலுக்கு இருந்த அதிகாரம் முடிந்தது.

"ஐந்து நிமிடத்துக்கு இந்த விரல்தான் பாராளுமன்றம்," என்றார் பெரேரா. தன் விரலைத் தானே கொஞ்சம் மரியாதையுடன் பார்த்துக்கொண்டார்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். தலைவர் வந்ததும் குழு தன் வீட்டைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எத்தனை மணிக்குக் கூடுவது, கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா, சாட்சிகளை எந்த வரிசையில் கேட்பது, யார் போய் இடத்தைப் பார்ப்பது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் முதல் சாட்சி வாய் திறக்கலாம். அதற்கு முன் யார் என்ன சொன்னாலும் அது காற்றில் சொன்னது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சாட்சிகளின் உத்தேச வரிசையையும் நான்தான் தட்டினேன். முதலில் பொறியியலாளர்கள், அடுத்து தோட்டத் துரைமார், அடுத்து லொறிச் சொந்தக்காரர்கள். கடைசியில், 'நேரமிருந்தால், தொழிலாளர்'. அந்தக் கடைசி வரியில் ஒரே ஒரு பெயர்: மாரியாயி, கொழுந்து பறிப்பவர், நோர்வூட் பக்கத்துத் தோட்டம். வரிசை மிக நேர்த்தியாக இருந்தது. ஓரத்தில் கோடுகூடப் போட்டேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மாலை பெரேரா பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினார். கொழும்பில் தினமும் அப்படித்தானாம். நுவரெலியாத் தண்ணீருக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் அவர் தங்கியிருந்த விடுதிக்கு நான் போனபோது மூன்று கம்பளிகளுக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. பற்கள் என் டைப்ரைட்டரைவிட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

"நீங்கள்தான் போக வேண்டும்," என்றது மூக்கு.

"நானா? நான் தற்காலிகம்."

"விரலும் தற்காலிகம்தான். உறுப்பினர்கள் எல்லாம் பேசி வைத்துவிட்டார்கள். குடை வைத்திருக்கும் கிழவர் முன்மொழிவார். பருமனானவர் வழிமொழிவார். பைப் பிடிக்கும் வெள்ளைக்காரர் தலைவர். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். திறக்கவும் கூடாது. இரண்டு தடவை விரலை நீட்டினால் போதும்."

கைப்பட ஓர் அதிகாரக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ('இவர் சொன்னதைச் செய்வார்' என்று அதில் இருந்தது.)

மண்டபத்துக்கு முன்னால் விறாந்தையில் உட்காருவதற்கு ஒரு நீள மர வாங்கு. அதன் ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் ஹட்டன் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் கோப்புகளுடன் போவதைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அம்மா, நாந்தாங்க மாரியாயி. என்னைய எப்ப கூப்பிடுவாங்க?"

"தலைவர் வந்ததும் கூப்பிடுவாங்க அக்கா."

"தலைவரு எப்ப வருவாரு?"

"உள்ளதான் இருக்காரு. ஆனா தலைவர் யாருன்னு இன்னும் முடிவாகல."

மாரியாயி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அம்மா' அந்தக் கணத்தோடு போயிற்று.

"இதென்ன தங்கச்சி கூத்து! எங்க தோட்டத்துல தொரை சீமைக்குப் போனா மறுநா காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்குள்ள இன்னொரு தொரை வந்து நிப்பான். இவ்வளவு படிச்சவங்களுக்கு ஒரு ஆளு அம்புடலியா?"

எதற்காக வந்தார் என்று கேட்டேன். அவர் குடியிருக்கும் லயத்து வரிசைவீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். மருந்துச்சாலையும் ரோட்டும் இந்தப் பக்கம். போன மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இரண்டு மரக்கட்டை கிடக்கிறது. பாலம் கவர்மென்டுடையது என்கிறார் துரை. தோட்டத்துடையது என்கிறது கவர்மென்ட்.

"என் மக மாசமா இருக்கா தங்கச்சி. ஆடியில பெறப்போறா. தலைப்பிரசவம். ஆடியில அந்த ஆத்தப் பாத்திருக்கியா? மருத்துவச்சியம்மா வந்து கட்டையப் பாத்துட்டு, 'நா சர்க்கஸ்காரி இல்ல'ன்னு திரும்பிப் போயிட்டாங்க. நாங்க சொல்றதக் கேக்க ஓட்டுக் கேட்டும் யாரும் வரமாட்டாங்க இனிமே. அதான் எங்களுக்கு ஓட்டே இல்லேன்னுட்டாங்களே. வாய்தான் மிச்சம். அதக் கொண்டாந்திருக்கேன். ஒரு மணி பஸ்ஸுக்கு நா போயாகணும், ஒருநா லீவுதான்."

என் கையிலிருந்த நேர்த்தியான வரிசையைப் பார்த்தேன். பொறியியலாளர்கள் மட்டுமே மாலைவரை பேசுவார்கள். 'நேரமிருந்தால்' என்று தட்டிய வரி முந்தின நாளைப்போல அழகாக இல்லை. யார் முதலில் பேசுவது என்பதைத் தீர்மானிக்கிறவர் தீர்ப்பில் பாதியை எழுதிவிடுகிறார் என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

"இருங்க அக்கா, பாப்போம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பார்ப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஒரு விரல்.

உள்ளே நீளமான மேசை. அதன் தலைமாட்டில் உயரமான சாய்வுள்ள அக்கிராசனம், காலியாக. பக்கத்தில் கிளாக்கருக்கு, அதாவது எனக்கு, ஒரு சின்ன மேசையும் நாற்காலியும். எதிர்க்கோடியில் விறாந்தைக்குப் போகும் கதவு, திறந்தபடி.

ஏழு பேரில் நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் குறைந்தாலும் கூட்டம் இல்லை. அக்கிராசனத்துக்குப் பக்கத்தில் குடைக்காரர்: கண்டிச் சிங்களவர், வக்கீல், எல்லாருக்கும் மூத்தவர், உள்ளேயும் குடையைக் கைவிடாதவர். அவருக்கு எதிரே பருமனானவர்: யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குப் பக்கத்தில் பைப்காரர்: தோட்டக் கம்பெனிகளின் சார்பில் நியமிக்கப்பட்ட வெள்ளைக்காரர். சீமையிலிருந்து அண்மையில்தான் வந்தவர், தேயிலையை அதுவரை கோப்பையில் மட்டுமே பார்த்தவர். நான்காமவர் பத்திரிகைக்காரர்: கரையோரத்து ஊர்க்காரர், பந்தயப் பத்திரிகையில் முகம் புதைத்திருந்தவர். முதல் பந்தயத்துக்காகப் பன்னிரண்டரைக்கு அவர் போயே தீர வேண்டும் என்று வந்ததும் வராததுமாக அறிவித்திருந்தார்.

எண்ணினேன். நான்கு. சரி.

எழுந்து நின்றேன். நான்கு முகங்களும் என் கையை நோக்கின. குடைக்காரரைப் பார்த்தேன். என் அப்பாவைவிட மூத்தவர், நரைத்த தலை. வலது கையைத் தூக்கினேன். ஆட்காட்டி விரல் பாதி நீண்டது.

அங்கேதான் அம்மா வந்தார். (உயிரோடு, ஆரோக்கியமாக, ஹட்டனில் பருப்பு ஆய்ந்துகொண்டிருந்தார். ஆனாலும் வந்தார்.) எனக்கு ஐந்து வயதில் பெரிய கங்காணியை விரலால் சுட்டி, "அந்தா அவரு!" என்றதற்கு அகப்பைக் காம்பால் விரலில் ஒரு போடு. "பெரியவங்கள வெரலால சுட்டுவியாடி? கையத் தொறந்து காட்டு!" அந்த அடி என் விரலுக்குள் பதினேழு வருஷம் பத்திரமாக இருந்திருக்கிறது.

விரல் மடங்கியது. கை விரிந்தது. இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டது. முதுகு வளைந்தது. கல்யாண வீட்டில் பெரியவர்களைப் பந்திக்கு அழைப்போமே, "வாங்க, இப்படி உக்காருங்க" என்று, அச்சாக அப்படி என் உள்ளங்கை குடைக்காரரிடமிருந்து புறப்பட்டு, அவருக்குப் பக்கத்திலிருந்த காலி அக்கிராசனத்தில் போய் முடிந்தது.

குடைக்காரரின் முகம் மலர்ந்தது.

"ஓகோ! வயதில் மூத்தவர் முதலில் உட்காரும் முறையா? மிக நல்ல முறை," என்று ஆங்கிலத்தில் சொன்னபடி எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குடையுடன் போய், அக்கிராசனத்தில் அமர்ந்தார்.

நான் வாய் திறந்து, "ஐயா, அதுக்கில்லீங்க," என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கிளாக்கருக்குக் குரல் கிடையாது. விதி. வீடு பற்றி எரிந்தாலும் விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற வயது அது. கையால் செய்த பிழையைக் கையாலேயே திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

அடுத்து பருமனானவர். அவராவது எழுந்து ஏதாவது பேசினால் விஷயம் தெளியும். அவரை நோக்கிக் கையை நீட்டினேன். அதுவும் பந்திக் கையாகவே போயிற்று.

அவர் குடைக்காரரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், நடைமுறை புரிந்துவிட்டதுபோலத் தலையாட்டினார்.

"பிள்ளை, நானும் அங்கால வந்து இருக்கிறதோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்து, அக்கிராசனத்துக்கு மிக அருகில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது என் நாற்காலி. இப்போது கிளாக்கருக்குக் குரலும் இல்லை, இருக்கையும் இல்லை.

பைப்காரர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தலைவர் ஆக வந்த மனிதர். என்ன நடக்கிறது என்பதுபோல எழுந்து நின்றார். நல்லது, இவரையாவது இங்கே கூப்பிடுவோம் என்று கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல்களை வேகமாக அசைத்தேன். 'வாங்க வாங்க.' எங்கள் பக்கத்தில் ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். மலைச்சரிவின் அந்தக் கோடியிலிருப்பவருக்குக்கூடப் புரியும்.

சீமையில் அப்படிக் கையசைத்தால் 'போ' என்று அர்த்தம் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. பைப்காரரின் முகம் சிவந்தது. மிகுந்த கண்ணியத்துடன் எனக்குத் தலைவணங்கிவிட்டு, கதவைத் தாண்டி வெளியே போனார்.

நான் திகைத்து இன்னும் வேகமாக அசைத்தேன். அவர் இன்னும் வேகமாகப் போனார்.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று எழுந்தார் பருமனானவர்.

"யாரிடம் எழுப்புகிறீர்கள்?" என்று கேட்டார் பத்திரிகைக்காரர், பத்திரிகையை இறக்காமலே.

"தலைவரிடம்."

"நான் இன்னும் தலைவர் இல்லை," என்றார் அக்கிராசனத்தில் இருந்தவர்.

"அப்படியென்றால் எழுந்திருங்கள்!"

"எழுந்திருக்கச் சொல்லித் தீர்ப்பளிக்க இங்கே தலைவர் யார்?"

என் வாழ்நாளில் நான் கேட்ட மிக அழகான தர்க்கம் அது. பயத்துக்கு நடுவிலும் அதை வியந்துகொண்டிருந்தேன் என்பதுதான் என் மூளையின் இலட்சணம். கை மட்டும் கதவைப் பார்த்து ஆடிக்கொண்டே இருந்தது.

கதவுக்கு நேரே வெளியே வாங்கு. வாங்கில் மாரியாயி அக்கா. தோட்டத்துக் கண்ணுக்கு அந்தக் கையசைவில் சந்தேகமே இருக்க முடியாது. கம்பளியை உதறி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலுடன், நேராக உள்ளே வந்து, மேசையின் மறுகோடியில் நின்று, அக்கிராசனத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"தலைவரய்யா, ஆத்து வெவரந்தாங்க."

சொல்லத் தொடங்கிவிட்டார். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த அதிகாரமுள்ளவர் யாரும் இல்லை. கண்டி வக்கீலுக்குக் கோர்ட்டில் பழகிய தமிழ் இருந்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, "அம்மா, ஆறு எவ்வளவு அகலம்?" என்றார்.

"ரோட்டுல ரெண்டு லொறியப் பக்கம் பக்கமா நிப்பாட்டுனா எவ்வளவோ, அவ்வளவுங்க."

"கட்டை யார் போட்டது?"

"எங்க ஆம்பளைங்க. மழை வந்தா அதையும் நாங்களே தூக்கி வச்சுக்குவோம், இல்லேன்னா அதும் போயிரும். பாலத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சுக்கிட்டுத் தூங்குற ஊரு ஒங்க நாட்டுல வேற எங்கயாச்சும் இருக்காங்கய்யா?"

பத்திரிகை கீழே இறங்கியது. கேள்வியும் பதிலுமாக நேரம் பதினொன்றரையைத் தாண்டியது. நான் நின்றபடியே சுருக்கெழுத்தில் பறந்துகொண்டிருந்தேன். மகள், ஆடி, மருத்துவச்சி, சர்க்கஸ். ஒரு சொல் விடவில்லை. மனம் நிறைந்துபோயிற்று. பக்கத்தின் மேலே வழக்கம்போல, 'தலைவர்:' என்று எழுதப் பென்சிலைக் கொண்டுபோனபோதுதான் கை நின்றது.

தலைவர் இல்லை. பைப்காரர் வெளியே, ஆகவே நான்கு பேரும் இல்லை. குழு இன்னும் தொடங்கவே இல்லை. அந்த அம்மா இரண்டு பஸ் ஏறி வந்து சொன்னது அத்தனையும், பெரேராவின் வார்த்தையில், காற்றில் சொன்னது. அறிக்கையில் ஒரு எழுத்துகூட ஏறாது. மாரியாயி அக்கா கம்பளியை விரித்துப் போர்த்திக்கொண்டு, "அப்ப நா வர்றேங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்கிறார். பத்திரிகைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தொப்பியை எடுக்கிறார்.

நான் ஓடினேன். (நான் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.) போகிற போக்கில் மாரியாயி அக்காவின் கம்பளி முனையைப் பிடித்து, "நில்லுங்க அக்கா," என்று உதட்டால் மட்டும் கெஞ்சினேன். விறாந்தையில் பைப்காரர், வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்ட பையன்போல, கதவோரம் நின்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். விறாந்தையில் எனக்குக் குரல் உண்டு.

"ஐயா, தயவுசெய்து உள்ளே வாருங்கள்."

"நீங்கள்தான் என்னை வெளியே அனுப்பினீர்கள், மிஸ்."

"அது எங்கள் ஊரில் 'வாருங்கள்'."

அவர் தன் கையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "அப்படியானால் என் தோட்டக்காரனை ஒரு மாதமாக நான் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்," என்றார். "அவன் ஏன் வந்து வந்து நிற்கிறான் என்று இப்போது புரிகிறது. அந்த அம்மா என்ன சொன்னார்?"

கதவடியிலேயே, மூச்சு வாங்க, சொன்னேன். பாலத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதையும் சொன்னேன். அவர் பைப்பை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

என் இடத்தில் போய் நின்றேன். நான்கு பேர். தொப்பியைத் தலையில் வைத்துவிட்ட பத்திரிகைக்காரரையும் சேர்த்து நான்கு. கையைத் தூக்கினேன். 'அம்மா, மன்னிச்சிரு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய மனிதரின் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினேன்.

பருமனானவர் எழுந்தார், என் நாற்காலியிலிருந்துதான். அக்கிராசனத்தைப் பார்த்தார். பேசி வைத்திருந்தபடி பைப்காரரின் பெயரைச் சொல்ல வேண்டும். குடைக்காரர் அசையவில்லை.

"எனக்கு முதுகு வலி," என்றார் அவர் பொதுவாக. "எழுந்தால் மறுபடி உட்கார நேரம் பிடிக்கும்."

பத்திரிகைக்காரர் கடிகாரத்தைத் தட்டினார். பருமனானவர் பெருமூச்சு விட்டு, குடைக்காரரையே முன்மொழிந்தார். என் விரல் பைப்காரரை நோக்கித் திரும்பியது. அவர் எழுந்து, "மகிழ்ச்சியுடன் வழிமொழிகிறேன். தலைவராக இருந்தால் நடுநிலையாக நடந்துகொள்ள வேண்டும். எனக்குச் சில தோட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது," என்றார்.

போட்டி இல்லை. தலைவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் அழைத்துப்போய் உட்காரவைக்கும் வேலையும் இல்லை.

புதிய தலைவர் என் நேர்த்தியான வரிசையைக் கையில் எடுத்தார். கடைசி வரியைப் படித்தார். ஓரத்தில் நான் போட்டிருந்த அழகான கோட்டின்மீதே பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு, கடைசிப் பெயரை முதலுக்குக் கொண்டுபோனார். "முதல் சாட்சி, மாரியாயி."

இப்போது எனக்குக் குரல் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அல்லவா? "அக்கா, சொல்லுங்க," என்றேன்.

"என்னத்தச் சொல்ல?"

"மொதல்ல சொன்னதத்தான்."

"அதான் இப்பத்தான சொன்னேன்! இவங்க காதுல என்ன, கொழுந்தா அடைச்சிருக்கு?"

"அப்ப கூட்டம் ஆரம்பிக்கலக்கா."

"அப்ப இம்புட்டு நேரம் எல்லாரும் உக்காந்து என்ன பண்ணீங்க?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தலைவருக்குத் தேவைப்படவுமில்லை. குடைக்கைப்பிடியால் வாயை மறைத்துக்கொண்டார்.

மாரியாயி அக்கா மறுபடி சொன்னார். முதல் தடவையைவிடச் சுருக்கமாக, கோபமாக, மும்மடங்கு நன்றாக. பைப்காரர் கேள்விமேல் கேள்வி கேட்டார். பத்திரிகைக்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முதல் பந்தயம் தொடங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி பஸ் போய்விட்டது. அதற்கு அக்கா என்னைத் திட்டியதை எழுதினால் அச்சில் வராது. கடைசியில் பைப்காரரின் காரில் ஹட்டன்வரை போனார், முன் இருக்கையில்.

பாலம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் குழு விடை கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் விடை கிடைக்கும்வரை செலவை இருபக்கமும் பாதிப்பாதி ஏற்கட்டும் என்று தலைவர் அன்றே எழுதி அனுப்பினார். ஆனியில் பலகையும் இருபுறமும் கம்பியும் வைத்து ஒரு பாலம் வந்தது. ஆடியில் மருத்துவச்சியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகனை அழைத்தபடி அதைக் கடந்தார். பெண் குழந்தை.

அதிகாரபூர்வக் கூட்டக் குறிப்பில் அந்த முற்பகல் ஒரே வரி: 'குழு கூடித் தன் தலைவரைத் தெரிவு செய்தது.' தட்டியது நான்தான். காய்ச்சல் தெளிந்து வந்த பெரேரா அதைப் படித்துவிட்டு, காலை பத்து மணிக்குக் கூடிய குழு தலைவரைத் தெரிவு செய்ய ஏன் நண்பகல் ஆனது என்று கேட்டார். சொன்னேன். அவர் நெடுநேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிய சிபாரிசில், 'சொன்னதைச் செய்வார்' என்ற பழைய வாக்கியத்துடன், 'சொல்லாததையும்' என்று ஒரு சொல் கூடியிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைச் சமையலறையில் நிறுத்தி வைத்துச் சொன்ன ஒரே புத்தி: "வாங்கன்னு வாயால சொல்லு. கைய மட்டும் ஆட்டிராத, மாப்பிள்ள எந்திரிச்சுப் போயிருவாரு." ஆட்டவில்லை. ஆனால் அப்பா முன்னறையில் கதையை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். நான் தேநீருடன் போனபோது மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்க," என்றேன். "இது தற்காலிகமாங்க, நெரந்தரமாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் எங்கள் வீட்டில் நாற்காலி இழுக்கிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள்.

போன வருஷம் நோர்வூட் பக்கம் போக நேர்ந்தபோது அந்தப் பாலத்தைப் பார்க்கலாம் என்று ஆற்றங்கரைக்கு இறங்கினேன். பலகை மாற்றியிருந்தார்கள், கம்பி அதேதான். நடுப்பாலத்தில் ஒரு சிறுமி, எட்டு ஒன்பது வயதிருக்கும், பலகை அதிர அதிரக் குதித்துக்கொண்டிருந்தாள். லயத்துப் பக்கமிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் மலை எதிரொலிக்கக் கேட்டது.

"ஏ கமிட்டி! எத்தன தடவடி சொல்றது, ஒழுங்கா ஒரு எடத்துல உக்காரு!"